கூடாரத்துக்குள் கட்டில் கேட்ட அக்கா

ஆட்களை லொறியில் ஏற்றி ஆபிரிக்கா காட்டுகிற என் தொழிலில் சிங்கம் ஒருநாளும் கரைச்சல் தந்ததில்லை. கரைச்சல் எல்லாம் லொறிக்குள் இருந்துதான் வரும். சொந்தக்காரரை வாடகை வானில் ஏற்றிக்கொண்டு ஒரேயொரு கோயிலுக்காவது போய்வந்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

நான் ஒஸ்லோவில் ஒரு சின்னப் பயண அலுவலகத்தின் வழிகாட்டி. நைரோபியில் தொடங்கி விக்டோரியா நீர்வீழ்ச்சி வரை மூன்று கிழமைப் பயணம். கூடாரம் அடிப்பது, சமைப்பது, கழுவுவது எல்லாம் பயணிகளே முறைவைத்துச் செய்யவேண்டும். போன தடவை ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக்கில் இருந்து ஒரு தமிழ்த் தம்பதி வந்தார்கள். அவர்களோடு பட்டதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒரு சந்தேகம்

பயணத்துக்கு முதல் ஒஸ்லோவில் ஒரு அறிமுகக் கூட்டம் வைப்போம். இந்த இருவரைத் தவிர வந்தவர்கள் எல்லாரும் நோர்வேக்காரர். சிவநேசன் அண்ணை நோர்வேயின் வடகோடியில் உள்ள பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவில் பஸ் ஓடி, இப்போது பென்ஷனில் இருப்பவர். மீன் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறை ரீவியில் யானைக் கூட்டம் ஒன்றைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு இந்த ஆசையாம். மனைவி மங்கை அக்காவுக்கு, மழையிலும் பிள்ளைகளை வெளியே விளையாட விடுகிற நோர்வேப் பாலர் பாடசாலையில் வேலை.

அண்ணை அக்காவிடம் ‘சஃபாரி’ என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். மிச்சத்தைச் சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. நான் கூடாரத்தின் படத்தைத் திரையில் காட்டினேன். அக்கா கையை உயர்த்தினார்.

“தம்பி, கட்டில் உள்ளுக்கு எந்தப் பக்கம் வரும்?”

தட்டு வீசுதல்

எங்கள் பயணத்தில் கழுவிய தட்டைத் துணியால் துடைப்பதில்லை. அழுக்குத் துணியால் எல்லாருக்கும் வயிற்றோட்டம் வந்துவிடும். கைக்கு ஒரு தட்டாகப் பிடித்து, காயும்வரை காற்றில் வீசவேண்டும். முதல்நாளே அந்த முறை சிவநேசன் அண்ணைக்கு வந்தது. வீட்டில் அவர் சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழும்புகிறவர் என்று அக்கா ஏற்கெனவே எனக்குச் சொல்லியிருந்தார்.

அண்ணை இரண்டு கையையும் விரித்து, பறக்க வெளிக்கிட்ட கொக்குப் போல நின்று வீசினார். பக்கத்தில் பியோர்க் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை அவரைவிட வேகமாக வீசிக்கொண்டிருந்தார். அக்கா மடக்குக் கதிரையில் இருந்தபடி முழுவதையும் படம்பிடித்து ஒஸ்லோவில் இருக்கும் மகளுக்கு அனுப்பினார். உடனே மகளின் பதில் குரல்பதிவாக வந்தது. அக்கா அதை எல்லாருக்கும் கேட்கப் போட்டார்.

“அம்மா, இது உண்மையாவே பப்பாவோ, இல்லாட்டி கம்ப்யூட்டரிலை செய்ததோ?”

பபூனின் தெரிவு

தெருவோரத்தில் மத்தியானச் சாப்பாடு. பபூன் குரங்குகள் வரும், மேசையை விட்டு அசையவேண்டாம் என்று எங்கள் சாரதி மூசா சொல்லி வாய் மூடவில்லை, ஒன்று மேசையில் நின்றது. மேசையில் இரண்டு பொக்கிஷங்கள் இருந்தன. ஒன்று, பியோர்க் ஒஸ்லோவில் இருந்து கட்டிக்கொண்டு வந்த நோர்வேப் பழுப்புச் சீஸ். மற்றது, அக்கா தன் கையால் சுட்டுக்கொண்டு வந்த, நாள்பட்டாலும் பழுதாகாத பருத்தித்துறை வடை.

குரங்கு முதலில் வடைப் பையைத் தூக்கி முகர்ந்து பார்த்தது. பிறகு அதை வைத்துவிட்டு, சீஸைத் தூக்கிக்கொண்டு லொறியின் கூரையில் ஏறிவிட்டது. பறிகொடுத்த பியோர்க்கின் முகத்தில் ஒரு பெருமை. ஒன்றும் இழக்காத அக்காவுக்குத்தான் கோபம். மூசாவைக் கூப்பிடச் சொன்னார்.

“என்ரை வடையிலை என்ன குறை கண்டது எண்டு அந்தக் குரங்கிட்டை இவரைக் கேக்கச் சொல்லுங்கோ.”

மழை

செரங்கெட்டியில் மழை பிடித்தது, விடவில்லை. நோர்வேக்காரர் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, நின்றபடி கோப்பி குடித்துச் சந்தோசமாக இருந்தார்கள். அக்காவின் கூடாரத்துக்குள் தண்ணீர் வந்து படுக்கை ஊறிவிட்டது. ஈரத் தலையணையைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்து, அடுத்த நகரமான அரூஷாவில் இருந்து வீட்டுக்குப் போக ஒரு ரிக்கெற் போடச் சொன்னார். அண்ணை பக்கத்தில் நின்று தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தனியாக வந்து, இரண்டாகப் போடு தம்பி என்றார். அவ்வளவு காலம் ஆசைப்பட்டவர் இன்னும் ஒரு யானையைக்கூடக் கிட்டத்தில் பார்க்கவில்லை. எனக்கு மனம் கேட்கவில்லை. இன்னும் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாமே என்று அக்காவிடம் கேட்டேன்.

“வருசம் முழுக்கப் பிள்ளையளோடை மழைக்குள்ளை நிக்கிறது என்ரை வேலை, தம்பி. லீவுக்கும் அதையே செய்யேலாது.”

இரண்டு ரிக்கெற்றும் போட்டேன்.

குளியலறைச் சுவர்

அடுத்தநாள் பின்னேரம் கொரொங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் கூடாரம் அடித்தோம். மழை விட்டிருந்தது. அக்கா குளிக்கப் போனார். அந்த நேரம் பார்த்து ஒரு யானை தண்ணீர்த் தாங்கியில் குடிக்க வந்து, குளியலறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றது. ஒருவரும் ஓடக்கூடாது, கத்தக்கூடாது, குடித்து முடிய அதுவே போகும் என்றார் மூசா. உள்ளே அக்கா அழுகிற சத்தம் கேட்டது.

குளியலறையும் சமையல் கொட்டகையும் ஒரே சுவர். மேலே கொஞ்சம் இடைவெளி. அண்ணை கொட்டகைப் பக்கம் நின்று அந்தச் சுவரில் கையை வைத்துக்கொண்டு, தணிந்த குரலில் கதைக்கத் தொடங்கினார். இஞ்சாரும், கதவைத் திறக்கவேண்டாம், நான் இஞ்சைதான் நிக்கிறன் என்றார். பிறகு சொல்ல ஒன்றும் கிடைக்காமல் வீட்டுக் கராஜ் கதவு பழுதானதைச் சொன்னார், பனிக்கால ரயர் மாற்றவேண்டியதைச் சொன்னார். பியோர்க் கேட்டதால் அதையெல்லாம் நான் அவருக்கு மொழிபெயர்த்தேன். யானை குடித்துக்கொண்டே நின்றது. அண்ணையின் கதை பாட்ஸ்பியோர்ட்டுக்குப் போனது. அக்கா நோர்வேக்கு வர முதல், அவருடைய படத்தைத் தொழிற்சாலை அலுமாரிக் கதவில் ஒட்டிவைத்து, ஒவ்வொரு இடைவேளைக்கும் போய்ப் பார்ப்பாராம். மீன் கை என்பதால் தொடமாட்டாராம். நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். உள்ளே அழுகையும் நின்றிருந்தது.

யானை போனதும் அக்கா ஈரத் தலையோடு வெளியே வந்தார். அண்ணையின் பக்கம் பார்க்காமல் நேரே என்னிடம் வந்து ரிக்கெற்றை நிறுத்தச் சொன்னார். திரும்ப மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“முப்பது வருசத்திலை இந்த மனுசன் இவ்வளவு கதைச்சதில்லை, தம்பி. இன்னும் என்னென்ன வைச்சிருக்கிறார் எண்டு கேட்டிட்டுத்தான் வீட்டை போவன்.”

அதற்குப் பிறகு விக்டோரியா நீர்வீழ்ச்சி வரை அண்ணையின் வாய் ஓயவில்லை. மிருகம் காட்டக் கூட்டிப்போன என்னிடம் அந்த இருவரும் ஒரு மிருகத்தின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.