மகள் கட்டிவிட்ட வாட்ச்

எனக்குச் சர்க்கரை உண்டு. தினமும் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு, டிபனுக்கு முன்பே திருப்பதியிலிருந்து திருச்சானூர் வரை சைக்கிளில் போய்வருவேன். போன மாதம் என் மகள் கவிதா, கலோரி காட்டும் தன் வாட்ச்சை ஆசையாக என் கையில் கட்டிவிட்டாள்.

அன்று முந்நூறு கலோரியாவது எரிக்க வேண்டும் என்று கிளம்பினேன். திருச்சானூர் தாண்டியும் எண் முந்நூறை எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் என்று மிதித்துக்கொண்டே போனேன். திடீரென்று வியர்த்தது, கண் இருட்டியது. எப்படியோ இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்தேன்.

ஷேர் ஆட்டோ டிரைவர் ஒருவர் ஓடி வந்தார். "ஏம்மா, இப்படி நடுங்கினு இருக்கீங்க? எதாச்சும் துன்னீங்களா?"

சாப்பிடவில்லை, சர்க்கரை மாத்திரை மட்டும் போட்டேன் என்றேன். உடனே ஜூஸ் வாங்கி வந்து குடிக்க வைத்தார். உயிர் வந்தது.

விஷயம் தெரிந்து ஓடி வந்த கவிதா, வாட்ச்சைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "இதுல உன்னைவிடக் கம்மியான என் வெயிட்டுதாம்மா இருக்குது. மாத்தாமலே கட்டிட்டேன். அதான் உனக்குக் கம்மியா காட்டிக்கினு இருந்திருக்குது."

"அழாதடி. வெறும் வயித்தோட கிளம்பினது நான்தானே" என்று அணைத்துக்கொண்டேன்.

வாட்ச்சில் இப்போது என் எடை இருக்கிறது. ஆனாலும் அது உத்தேசக் கணக்குதான். டாக்டர் சொன்னபடி சாப்பிட்ட பிறகே கிளம்புகிறேன்; உடம்பு தளர்ந்தால் எண்ணைப் பார்க்காமல் இறங்கிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கவிதாவும் கூடவே சைக்கிளில் வருகிறாள். மேட்டில் அவளுக்குத்தான் மூச்சு வாங்குகிறது. நான் நின்று கூட்டிப் போகிறேன்.