பத்துக்கு மேல் எண்ணத் தெரியாத சாப்ட்வேர்

1. பூட்டு

பிளஸ் டூ ரிசல்ட் வரப்போகிற நேரம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த என் பிரௌசிங் சென்டரில் போன் அடித்தது. இன்டர்நெட் லைன் கொடுத்த ஆபீசிலிருந்து ஒரு தம்பி பேசினார்.

"மேடம், உங்க லைன்லருந்து குப்பை மெயிலாப் போய்க்கிட்டே இருக்கு. வைரஸ் வந்த சிஸ்டம் எதுன்னு பாத்து சரி பண்ணுங்க. சனிக்கிழமை வரைக்கும் பாப்போம். அப்புறம் லைனைக் கட் பண்ணிருவோம்."

"என் கடையிலயா? வாய்ப்பே இல்ல தம்பி. எல்லாத்தையும் பூட்டித்தேன் வச்சிருக்கேன்."

"எதை மேடம் பூட்டி வச்சிருக்கீங்க?"

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. தொண்ணூறுகளில் எஸ்.டி.டி. பூத் நடத்தியவள் நான். போன் டயலில் ஒரு சின்னப் பூட்டைத் தொங்கவிட்டால் ஒருத்தரும் டயல் சுற்ற முடியாது, கதை முடிந்தது. பூத்தை பிரௌசிங் சென்டராக மாற்றியபோதும் அதே யோசனையில் ஒவ்வொரு கம்ப்யூட்டர் பெட்டிக்கும் கம்பிக் கூண்டு அடித்து, நம்ம ஊர் மாங்காய்ப் பூட்டாக வாங்கிப் போட்டேன். எல்லா ஒயரும் வந்து சேருகிற ஹப்புக்கும் ஒரு கூண்டு. சாவிக்கொத்து இடுப்பில். நடந்தால் கோயில் மாடு வருகிற மாதிரி சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கே வைரஸ் ஓடிவிடும் என்று நினைத்திருந்தேன்.

லைன் போனால் என்ன ஆகும் என்று சொல்லிவிடுகிறேன். ரிசல்ட் நாள்தான் எங்கள் தொழிலுக்குத் தீபாவளி. செம்பட்டி, கொடைரோடு பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் முதல் பஸ்ஸில் வந்து நிற்கும். "ரிசல்ட் இங்கே பார்க்கலாம்" என்று நானே பெரிய போர்டு எழுதி வைத்து, தெருவெல்லாம் பெருமையும் பேசியாயிற்று. அன்றைக்குப் பார்த்து லைன் இல்லை என்றால் அதற்கப்புறம் யார் என் கடைப் படி ஏறுவார்கள்?

2. மதுரைக்காரர்

நெட்வொர்க்கில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்கிற சாப்ட்வேர் விற்க மதுரையிலிருந்து ஒருத்தர் வந்தார். டை கட்டியிருந்தார். நாற்காலியில் உட்காரும் முன்னாலேயே கேட்டார்.

"மொத்தம் எத்தனை சிஸ்டம்மா?"

"பத்து."

நான் எண்ணியது நாற்காலியை. பத்து நாற்காலி, பத்துப் பெட்டி. அவர் ஏதோ தட்டினார். திரையில் ஒன்று, இரண்டு என்று வரிசையாக வந்து பத்தில் நின்றது. எனக்கு மனசு பூரித்துப் போயிற்று. நான் சொன்னதையே மெஷினும் சொல்கிறதே.

எங்கள் கடைக்குச் சர்வீஸ் பார்க்கிற ஸ்டெல்லா பக்கத்தில் நின்றாள். முப்பது வயதுக்காரி, வாய் கொஞ்சம் நீளம். அவள் ஒரு சிடி கொண்டுவந்திருந்தாள். இலவசமாகக் கிடைக்கிற சாப்ட்வேர். அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, பதினொண்ணு காட்டுது" என்றாள்.

"காசில்லாம வந்தது அப்படித்தேன் கூடக் கொறச்சு எண்ணும். இருக்கிறது பத்துதேன்டி. இம்புட்டு வருசமா நாந்தானே தொடைக்கிறேன்."

"நீங்க தொடைக்கிறதத்தேன் எண்ணுறீங்க. அது ஒயர்ல இருக்கிறத எண்ணுது."

"அவரு டை கட்டிருக்காரு. நீ என்ன கட்டிருக்க?"

அப்படித்தான் நான் டூல் தேர்ந்தெடுத்தேன். மதுரைக்காரரின் சரக்கையே வாங்கினேன். பத்துப் பெட்டியையும் கூண்டைத் திறந்து, ஃபார்மட் அடித்து, ஆன்டிவைரஸ் போட்டு, திரும்பவும் பூட்டினோம்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. "மேடம், இன்னும் போய்க்கிட்டுத்தான் இருக்கு. நாளைக்கு கட் பண்ணிருவோம்."

போனை வைத்துவிட்டு ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் மதுரைக்காரரின் சாப்ட்வேரைத் திறந்து ஒரு மூலையைக் காட்டினாள்.

"பாருங்கக்கா. பத்து சிஸ்டத்துக்குத்தேன் லைசென்ஸ். நீங்க பத்துன்னீங்க, அவரு பத்துக்குப் போட்டுக் குடுத்துட்டாரு. பத்து வந்ததும் அது எண்ணுறத நிப்பாட்டிரும்."

மனுஷரைக் குற்றம் சொல்ல முடியாது. கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார். நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்வதற்கு ஒரு கருவி வாங்கியிருக்கிறேன்.

3. யார் கத்துகிறார்கள் என்று பார்ப்பது

ஸ்டெல்லா ஹப் கூண்டைத் திறக்கச் சொன்னாள். கொத்தில் அந்தச் சாவியைத் தேடி எடுக்கவே எனக்கு வேர்த்துவிட்டது.

"ஒவ்வொரு ஒயரா உருவுறேன். எந்த நாக்காலி கத்துதுன்னு பாருங்க."

உருவினாள். "அக்கா, லைன் போச்சு" என்று மூன்றாம் நாற்காலி கத்தியது. மாட்டிவிட்டு அடுத்ததை உருவினாள். ஏழாம் நாற்காலி. இப்படியே பத்தும் கத்தி முடித்தது. வெளியிலிருந்து லைன் வருகிற ஒயர் போக மிச்சம் ஒன்று. உருவினாள். கடையில் ஒருத்தரும் தலை தூக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டு ஒரு குரல் வந்தது.

"ஏ பாண்டியம்மா, அங்கிட்டு என்னத்தப் புடுங்குன? கம்ப்யூட்டர்ல மகன் பேசிக்கிட்டிருக்கான், வாயத் தொறந்தாப்புல அப்படியே நிக்கிறான்."

பக்கத்து வீட்டு ரோசலின் டீச்சர். ரிட்டயர் ஆனவர். மகனுக்கு மஸ்கட்டில் வேலை.

ஸ்டெல்லா மெதுவாகத் திரும்பினாள். "டீச்சருக்கு எங்கிட்டிருந்துக்கா லைன்?"

"நாந்தேன் குடுத்தேன்."

"எப்ப?"

"நீ வாரதுக்கு முன்னாடி. கேபிள் டி.வி.க்காரரு சொவத்து மேல இழுத்து விட்டாரு."

"பெறகு ஏன்க்கா பத்துன்னு சாதிச்சீங்க?"

என் வீடு கடைக்குப் பின்னால்தான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் அந்தச் சுவர் மேலாகக் குழம்பு, வெஞ்சனக் கிண்ணம் தினமும் போகும், வரும். அதோடு ஒரு ஒயரும் போயிற்று. மகன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று டீச்சர் கேட்டார், கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த குழம்பை யாராவது கடைக் கணக்கில் சேர்ப்பார்களா? நெட்வொர்க் சேர்த்திருக்கிறது.

டீச்சர் வீட்டுப் பெட்டியில்தான் வைரஸ். வாழ்த்து அட்டை என்று வந்த மெயிலையெல்லாம் திறந்திருக்கிறார்.

"மொகந்தெரியாதவுக வாழ்த்து அனுப்பிருக்காக. தொறந்து பாக்காம விட்டா மரியாதையா?" என்றார் டீச்சர். பிறகு ஸ்டெல்லாவிடம், "எம்பெட்டியா ஊருக்கெல்லாம் லெட்டர் போட்டுச்சு? நான் என் தங்கச்சிக்கு லெட்டர் போட்டே வருசமாச்சு" என்றார்.

"டீச்சர், சுத்தம் பண்ணி முடிக்கிற வரைக்கும் ஒயரு கிடையாது" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப எம்மகன் ராத்திரிக்குக் கூப்பிட்டா?"

"இன்னைக்கு ஒருநா எங்கடையில வந்து உக்காந்து பேசுங்க. ஒண்ணாம் நம்பர் நாக்காலி உங்களுக்கு."

ஸ்டெல்லா அந்தப் பெட்டியைச் சுத்தம் செய்தாள். டீச்சர் ஒயருக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன ரவுட்டர் வைத்தாள். அங்கிருந்து என் கடைப் பெட்டிகளைத் தொட முடியாது. வைரஸ் மெயில் அனுப்புகிற வழியையும் அதிலேயே அடைத்தாள். என் கண்ணுக்கு அது ஒரு சோப்பு டப்பா மாதிரி இருந்தது. பூட்டுகூட இல்லை.

சனிக்கிழமை லைன் ஆபீஸ் தம்பி கூப்பிட்டார். "இப்ப சுத்தமா இருக்கு மேடம். லைன் இருக்கும். என்ன பண்ணீங்க?"

"ஒழுங்கா எண்ணிப் பாத்தோம் தம்பி."

ரிசல்ட் அன்றைக்கு விடியும் முன்னாலேயே பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டன. முதலில் வந்த செம்பட்டிப் பிள்ளை தன் மார்க்கைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாஸ்தான். லைன் கட்டாகியிருந்தால் இவள் எங்கே போய் நின்றிருப்பாள் என்று நினைத்தேன். எனக்கும் கண் கலங்கியது. கடை முதலாளி அழலாமா என்று சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்கிக்கொண்டேன்.

ஆபீசுக்கோ கடைக்கோ இந்த மாதிரி டூல் வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பூட்டுவதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம். முதலில், விற்க வருகிறவர் எத்தனை சிஸ்டம் என்று கேட்டால் வாயைத் திறக்காதீர்கள். அதைச் சொல்லத்தானே அவர் வந்திருக்கிறார்.