இனி வர வேண்டாம் என்றார் டாக்டர்

ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது பெரியவளின் வேலை. வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்தான். தங்கை சின்னக்குட்டி, கல்யாணமாகிப் பல வருடமாகியும் அந்தப் பெயர் மாறவில்லை. அம்மா சின்னக்குட்டியோடு இருந்தாள். பெரியவள் தனியாக ஒரு மாடி அறையில்.

"அவளுக்கென்ன, மலை மாதிரி நிப்பா" என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். கேட்பதற்குப் பாராட்டு மாதிரித்தான் இருக்கும். சொன்ன கையோடு, சின்னக்குட்டிக்குத் தலைவலி என்று கிளம்பிவிடுவாள்.

ஒருமுறை வயிற்றுவலி என்று பெரியவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பித்தப்பையில் கல் இருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். கல் இல்லை, ஈரலில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. எம்.ஆர்.ஐ.யும் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "புற்றுநோய் இல்லம்மா. ரத்தக்குழாய்ங்க சேர்ந்து முடிச்சுப் போட்ட மாதிரி ஒரு கட்டி. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகும். வளருதான்னு மட்டும் ஆறு மாசத்துக்கு ஒருதடவை பாத்துக்கலாம்."

கட்டி என்ற சொல்லே அம்மாவுக்குப் போதுமாக இருந்தது. அழுதுகொண்டே ஓடி வந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்கேனுக்கும் வந்தாள். உள்ளே வயிற்றில் ஜில்லென்ற பசையைத் தடவி, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பார்கள். வெளியே பெஞ்சில் அம்மா இவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முடிந்ததும் இருவரும் கேன்டீனில் டீ குடிப்பார்கள். அந்த ஒரு காலைப்பொழுது அம்மா முழுக்க முழுக்க இவளுக்கு மட்டும். கட்டி வளரக்கூடாது என்று பெரியவள் வேண்டிக்கொண்டாள். கரைந்துவிடவும் கூடாது என்று சேர்த்து வேண்டிக்கொண்டாள்.

மூன்றாம் வருடம் டாக்டர் பழைய படங்களையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அப்படியேதான் இருக்கு. இனி நீங்க வர வேண்டாம். ஏதாவது தொந்தரவு இருந்தா மட்டும் வாங்க."

வெளியே அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. "சின்னக்குட்டி உண்டாயிருக்காடி! எத்தனை வருஷம் கழிச்சு!" என்றாள். அதன் பிறகுதான் கேட்டாள்: "உனக்கு என்ன சொன்னார்?"

"ஆறு மாசம் கழிச்சு வரச் சொன்னார்" என்று வாயில் வந்துவிட்டது.

அடுத்தமுறை தங்கை வீட்டுக்குப் போனபோது, குழந்தையின் ஸ்கேன் படம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. பெரியவளின் படங்கள் அவள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. இரண்டும் ஒரே கறுப்பு வெள்ளைப் புகைமூட்டம்தான். ஃப்ரிட்ஜில் இருந்ததைப் பார்த்து மட்டும், மூக்கு யார் சாடை என்று ஒரு சண்டையே நடந்தது. ஈரலில் ஒருநாளும் வராத எரிச்சல் அன்று வயிற்றில் வந்தது.

ஆறு மாதம் கழித்து அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள், மனசைச் சின்னக்குட்டியிடம் வைத்துவிட்டு. இவர்களைப் பார்த்ததும் ஸ்கேன் எடுக்கும் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். "என்னக்கா, மறுபடியும் வலியா? இனி வர வேண்டாம்னு டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரே?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். "பொய் சொல்லியா கூட்டிட்டு வந்தே? அங்க அவ நிறைமாசமா தனியாக் கிடக்கிறா."

"வேற எதுக்குக் கூப்பிட்டா நீ வருவே? என் ரூம் எத்தனையாவது மாடின்னு உனக்குத் தெரியுமா?"

அம்மாவுக்கு அது தெரியவில்லை. இவளுடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வா, காட்டு" என்றாள்.

நான்காவது மாடி. நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்க நின்றாள். கட்டிலில் உட்கார்ந்ததும் போன் அடித்தது. "நான் பெரியவ வீட்டுல இருக்கேன். சாயங்காலம்தான் வருவேன்" என்றாள். மறுமுனையில் சின்னக்குட்டி, "அக்கா வீட்டுலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது பெரியவளின் காதில் விழுந்தது. அதில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தை வெளியே சொல்ல முடியாது.

குழந்தை பிறந்ததும் அம்மா மறுபடி அங்கேயே ஒட்டிக்கொண்டாள். ஆனால் பெரியவள் இப்போது ஆஸ்பத்திரியைச் சாக்குச் சொல்வதில்லை. "அம்மா, வா" என்று கூப்பிடுகிறாள். சில நாள் அம்மா வருகிறாள், குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு. அது மட்டும் பெரியவளுக்கு இன்னும் பிடிக்கவில்லை.