காலைக்கடனும் காதர் பாயும்

சாக்கடைக் கூலிகளை மேய்க்கும் மண்டோர் வேலையில் ஒரு வசதி உண்டு: ரயிலில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். நாற்றத்தோடு பிழைப்பு நடத்திய சகாக்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் அந்த வசதி எனக்கு அளவுக்கு மிஞ்சியே கிடைத்தது. யுத்தத்துக்கு முன்னால் பிரசவத்துக்காகக் கடல் தாண்டி ஊருக்குப் போன மனைவி, கப்பல் நின்றுபோனதால் அங்கேயே தங்கிவிட்டாள். பிரிக்பீல்ட்ஸ் கூலி லயத்தில் என்னோடு இருந்த ஆட்களையெல்லாம் ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடக் கூட்டிப்போய்விட்டார்கள்; போனவர்கள் யாரும் திரும்பவில்லை. லயத்தில் நான் மட்டும் மிச்சம்.

இரண்டு போர்டு, ஒரு ஆறு

ஊர் சுத்தத்தைக் கவனித்தவை போர்டுகள். பெயரெல்லாம் எதற்கு? ஆற்றின் மேல்பக்கம் இருந்ததை மேல் போர்டு என்போம். அது எனக்குச் சம்பளம் கொடுத்தது. கிள்ளான் பக்கம் இருந்தது கீழ் போர்டு. பெட்ரோல் இல்லாமல் லோரிகள் படுத்துவிடவே, மேல் போர்டு கக்கூஸ் வாளிகளை மாட்டுவண்டியில் ஏற்றி ஆற்றிலேயே கொட்ட ஆரம்பித்தது. கீழே அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. சிலர் எழுந்திருக்கவே இல்லை.

ஒரு வழியாக இரண்டு போர்டும் உட்கார்ந்து பேசின. எல்லையில் ஒரு பெரிய குழி வெட்டிப் பலகை மதகு வைப்பது, வண்டிகள் அதில் கொட்டுவது, தினம் காலையில் ஒரே ஒரு தடவை திறந்துவிடுவது என்று முடிவாயிற்று. கீழ் போர்டின் ஆள் தண்ணீருக்கு முன்னால் சைக்கிளில் போய், கெட்ட தண்ணீர் கடந்துபோகும்வரை கம்பம் என்று சொல்லும் கரையோரக் கிராமங்களில் யாரும் மொள்ளாமல் தடுக்க வேண்டும். மதகுக்கு நான், சைக்கிளுக்குக் காதர் பாய். கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்தவர் அவர். விற்கத் துணி இல்லாமல் போனதும் இந்த வேலைக்கு வந்தார். முதல் நாள் குழியை எட்டிப் பார்த்தவர், மூக்கைக்கூடப் பொத்தாமல் சொன்னார்: "உங்க ஊரு காலைக்கடன எங்க ஊருல்ல அடைக்குதுண்ணே."

எந்த ஏழு மணி?

ஏழு மணிக்குத் திறப்பதாக ஏற்பாடு. ஏழடித்ததும் இருட்டிலேயே திறந்தேன். கடிகாரத்தை டோக்கியோவுக்குச் சரியாக ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததிலிருந்து நமக்கெல்லாம் ஏழு மணி இருட்டுதானே? பாய் வழியில் காத்துக்கொண்டிருப்பார் என்று நம்பினேன். அவரோ நன்றாக விடிந்த பிறகு, டயர் கிடைக்காமல் ரப்பர் குழாயைச் சுற்றிய சைக்கிளைக் கடகடவென்று ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். அவருடைய ஏழு மணி பழைய ஏழு மணி. காலியான குழியைப் பார்த்ததும் சைக்கிளைத் திருப்பி மிதித்தார்.

அன்று யார் குடித்தார்கள், யார் தப்பினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பழைய நேரம் என்று வாய்விட்டுச் சொன்னாலே ஜப்பான்காரன் அறையில் கன்னம் பழுக்கும் காலம் அது. பாய்தான் வழி கண்டுபிடித்தார். விடியற்காலை சுபுஹுத் தொழுகையை முடித்துவிட்டு அவர் இங்கே வருவார். அவர் முகத்தைப் பார்த்து, அவர் கிளம்பிய பிறகே நான் மதகைத் தொட வேண்டும். "பள்ளிவாசல்ல டோக்கியோ டைம் கிடையாதுண்ணே," என்றார்.

இப்படித்தான் எனக்குத் தினம் ஒரு மனிதர் கிடைத்தார். ஒரு பீடி பிடிக்கும் நேரம் பேசுவோம். மறுநாள் அவர் வரும்வரை நான் வாய் திறக்கும் சந்தர்ப்பம் அநேகமாக வராது.

எல்லையில் செத்த மாடு

ஒருநாள் செத்த மாடு ஒன்று மிதந்து வந்து, எல்லைத் தூணில் மாட்டிக்கொண்டது. தலை கீழ் போர்டில், வால் மேல் போர்டில். இரண்டு பக்கத்து இன்ஸ்பெக்டர்களும் வந்து பார்த்தார்கள். தலை இருக்கும் இடம்தான் மாடு என்றார் எங்கள் ஆள். கிளம்பின இடம்தான் மாடு என்றார் அந்த ஆள். பேசிக் களைத்து இருவரும் போய்விட்டார்கள். மாடு போகவில்லை.

பாயும் நானும் கயிறு கட்டி இழுத்துக் கரையில் புதைத்தோம். முடிக்கும்போது உச்சி வெயில். நான் வேகவைத்து வைத்திருந்த மரவள்ளிக்கிழங்கை இருவரும் ஒரே இலையில் வைத்துத் தின்றோம். வெகு காலத்துக்குப் பிறகு எனக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றுதான். அதை அவரிடம் சொல்லியும்விட்டேன். பாய் சிரித்தார். "நீங்களும் நாறுறீங்க, நானும் நாறுறேன். அதாண்ணே வசதி."

மதகு திறக்காத காலை

ஒரு காலை பாய் வரவில்லை. வெயில் ஏறியது, குழி நிரம்பியது. வண்டிக்கார முனியன் மதகைத் திறக்கச் சொல்லிக் கத்தினான். நான் பலகைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பாய் முகத்தைப் பார்க்காமல் எப்படித் திறப்பது? காய்ச்சலாக இருக்கும், சைக்கிள் உடைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு முனியனைக் காவல் வைத்துவிட்டுக் கீழ் போர்டு ஆபீசுக்கு நடந்தேன். சயாமுக்கு ஆள் கொடுக்கும்படி உத்தரவாம். எந்த வேலை அவசியமில்லை என்று பார்த்து, ஆற்றுக் காவலைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நேற்று சாயங்காலமே பாயை ரயில் ஏற்றியாகிவிட்டது. ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி நல்ல மனிதர்தான். என்னை உட்காரச் சொன்னார், கொஞ்சம் தள்ளி. "இப்பதான் வயித்துப்போக்குல ஒருத்தரும் சாகறதில்லையே மண்டோரே, அப்புறம் அந்த ஆளு எதுக்கு?"

கரையில் கேட்ட கேள்வி

மறுநாளிலிருந்து அந்த வேலையையும் நானே பார்த்தேன். சுபுஹு நேரத்துக்கு முன்பே கிளம்பி நடப்பேன். எனக்குச் சைக்கிள் இல்லாததால் முனியன் வெகுநேரம் கழித்துத்தான் மதகைத் திறப்பான். முதல் கம்பத்துக் கரையில் நின்று, பாய் சொல்வதுபோலவே மலாயிலும் தமிழிலும் கத்தினேன்: "ஆயர் கோத்தோர்! கெட்ட தண்ணி வருது!" ஒருவரும் அசையவில்லை. இடுப்பளவு தண்ணீரில் குடத்தோடு நின்ற ஒரு பெண்ணிடம் போய்க் கெஞ்சினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பாய் கொரல்னா கொடத்தத் தூக்கிட்டு ஓடிருவோம் லா. ஒங்கள யாருன்னே தெரியலையே. பாய் எங்க?"

சயாமுக்கு என்றேன். அவள் குடத்தைக் கவிழ்த்துவிட்டுக் கரையேறினாள். மற்றவர்களும் ஏறினார்கள். திரும்பும் வழியில் எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் யாரும் இல்லாததால் அடக்க வேண்டிய அவசியம் இல்லை.

வெள்ளைக்காரன் திரும்பி வந்து கடிகாரத்தைப் பழையபடி திருப்பி வைத்தான். சயாமிலிருந்து சிலர் மட்டும் திரும்பி வந்தார்கள். சுபுஹு நேரத்தில் நான் ரொம்ப நாள் மதகடியில் நின்று சைக்கிள் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன்.

இரண்டு போர்டும் ஒற்றுமையாக உழைத்து அந்த ஆற்றிலிருந்து நிரந்தரமாக அகற்றியது, கடைசியில், காதர் பாயை மட்டும்தான்.