பதினேழாவது அடி

வானொலித் தேர்வில் மூன்று முறை தோற்று நான்காவது முறை தேறியது. மணிக்கட்டு உடைந்தபோது "இனிமே கேக்கத்தான் முடியும், வாசிக்க முடியாது" என்ற டாக்டரை அடுத்த வருடமே தன் கச்சேரிக்கு அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தது. பதினோரு நாடுகளில் அந்தந்த ஊர்த் தாளக்காரர்களோடு சரிக்குச் சரியாகத் தபலா வாசித்தது. தம்பி ஜெயித்ததையெல்லாம் அக்கா தேதி பிசகாமல் சொல்வாள். தையல் தொழிற்சாலையில் சட்டைகளின் காஜாவை, பொத்தான் துளையை, சரிபார்க்கிறவள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

பதினோரு நாடும் பிறகு வந்தவை. அதுவரை அவன் பாடகர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தவன். பக்கவாத்தியக்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒப்பந்தத்தில் குழுத்தலைவரே கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அப்போதுதான் வெளிநாட்டு டிரம்ஸ்காரர் ஒருவரோடு ஒரு கேசட் பதிவு வந்தது. பதினாறு அடித் தாள வட்டத்தில் தம்பியே அமைத்த உருப்படி. சரியாக அமைந்தால், 'உருவாக்கியவர்' என்ற வரியில் முதன்முறையாக அவன் பெயர் ஏறும். அக்கா விடுப்புப் போட்டுவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கேசட் கம்பெனி மேனேஜருக்கு அருகில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணிக்குக் கூடத்தைக் காலி செய்ய வேண்டும். மூன்று மணிக்கு டிரம்ஸ்காரருக்கு விமானம்.

ஏழு முறை வாசித்தாகிவிட்டது. ஏழு முறையும் கடைசி அடியில் கவிழ்ந்தது.

"உங்க தம்பி முடிவுல ஒரு அடி லேட்டும்மா. இன்னும் ஒரே தடவை. வரலைன்னா தபலாவுக்குப் பதிலா மெஷினைப் போட்டுக்கறோம்," என்றார் மேனேஜர்.

"அவன் பொறந்ததுதான் பத்து நாள் லேட்டு சார். அதுக்கப்புறம் எதுலயும் இல்ல."

சொல்லிவிட்டு அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.

மணி பன்னிரண்டு நாற்பது. உள்ளே தம்பி தபலாவை விட்டு எழுந்தான். கோபித்துக்கொண்டு கிளம்புகிறானோ என்று அக்காவுக்குப் பகீரென்றது. அவன் டிரம்ஸ்காரர் எதிரில் போய் நின்று கைதட்டி எண்ணினான். அவர் பதினாறில் ஓங்கி அடித்து நிறுத்தினார்.  தம்பி அதற்கு அடுத்த அடியில், புது வட்டத்தின் ஒன்றில், தானும் ஒரு தட்டுத் தட்டினான்.

அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. அவருக்கு வட்டம் தீருகிற இடம் முடிவு. இவனுக்கு அடுத்த வட்டம் பிறக்கிற இடம் முடிவு. இருவருமே சரியாக வாசித்துத்தான் மோதிக்கொண்டிருந்தார்கள்.

"பதினாறு உங்களுது. பதினேழு என்னுது. அங்க நீங்க கை வைக்கக் கூடாது," என்று தமிழிலேயே சொல்லி, விரலாலும் காட்டினான் தம்பி. டிரம்ஸ்காரர் குச்சிகளை உயர்த்திச் சிரித்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. தபலாவின் கடைசித் தாளச் சொல்கட்டு மூன்று முறை சுழன்றது. டிரம்ஸ் பதினாறில் இடித்து நின்றது. அந்த இடைவெளியில் அக்காவுக்கு மூச்சே இல்லை. பிறகு தபலா, தன்னந்தனியாக, ஒரே ஒரு 'தா'.

மேனேஜர் ஒப்பந்தத்தை எடுத்துவந்தார். அக்கா அதை வாங்கி வரி வரியாகப் படித்தாள். உருவாக்கியவர் என்ற இடத்தில் டிரம்ஸ்காரர் பெயர் மட்டும்.

"தம்பி பேரு எங்க சார்?"

"டைப் அடிச்சாச்சேம்மா. அவருக்கும் நேரமாச்சு..."

"அப்ப கையால எழுதுங்க. ஒரு காஜா விட்டுப்போனாலே சட்டையைத் திருப்பி அனுப்புற ஆளு நான்."

தோளில் மாட்டிய பையைக் கீழே வைத்துவிட்டு டிரம்ஸ்காரரும் உட்கார்ந்துகொண்டார். மேனேஜர் பெருமூச்சு விட்டு எழுதினார். தம்பி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, தன் உருப்படிக்குக் கீழே முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டான்: 1994 அக்டோபர் 6, வியாழக்கிழமை.