எழுநூற்று நாற்பது கிலோ சக்களத்தி

ஜல்லி யார்டின் எடைமேடையில் இருபத்து மூன்று வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடிக் கூண்டு, மூலையில் ஒரு மின்விசிறி, எதிரே சிவப்பில் ஓடும் எண். லாரி மேடைமேல் ஏறி நின்றதும் இறங்கிப்போய் உள்ளே எட்டிப் பார்ப்பேன். டிரைவர் இறங்கிவிட்டாரா, காலடியில் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாரா என்று பார்த்த பிறகுதான் ரசீது அடிப்பேன். இந்த எட்டிப் பார்க்கும் புத்தி வீடுவரை என்னோடு வந்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். வந்தால் என்ன? வராமல் இருந்திருந்தால் அவர் செய்த வேலை எனக்குத் தெரிந்தே இருக்காது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாளைக்கு நாலு வாக்கியம் பேசினால் அதிகம். எங்கள் பெண் வேலை கிடைத்து வெளியூர் போன அதே மாதம், மூடிக்கிடந்த ஒரு ஒர்க்‌ஷாப்பிலிருந்து துருப்பிடித்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்தார். இடுப்பு உயரம்கூட இல்லை. கதவு இரண்டு, சீட் இரண்டு. வீடு காலியாகிவிட்டதே, இனி மனுஷர் என்னிடம் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசுவார் என்று நான் கனவு கண்டுகொண்டிருந்தேன். பேசினார். காரிடம் பேசினார்.

"என்ன கண்ணு, மூச்சு முட்டுதா? இரு இரு, கழட்டிடறேன்" என்று ஷெட்டுக்குள்ளிருந்து குரல் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். ஒரு தடவைகூட என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. "ஏம்மா" என்பார், அதுவும் துண்டு எங்கே என்று கேட்பதற்கு. அன்றிலிருந்து அந்தக் காருக்குச் சக்களத்தி என்று பேர் வைத்தேன். அவர் சிரித்தாரே தவிர மறுக்கவில்லை. மறுத்திருந்தால் பாதி வயிற்றெரிச்சல் அடங்கியிருக்கும்.

அஞ்சு வருஷம் அதைக் கழற்றினார், மாட்டினார், தேய்த்தார், பூசினார். நடுவில் ஒரு நாள் இடதுபக்க சீட்டுக்குத் தன் கையாலேயே புது உறை தைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது உன் சீட். பந்தயத் தடத்துல முதல் ரவுண்டு உன்னோடதான்."

"ஆமா, எனக்கு அதுதான் குறைச்சல்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து அடுக்களையில் நின்று தனியாகச் சிரித்தேன். யாரும் பார்க்கவில்லை.

கார் ஓடத் தயாரானது. ஆனால் ரோட்டில் ஓட்ட அதற்கு அனுமதி இல்லை, தடத்தில் மட்டும்தான். தடமோ எண்பது கிலோமீட்டர் தள்ளி. ஆகவே எங்கள் பழைய வேனுக்குப் பின்னால் கோத்து இழுத்துப்போக ஒரு ட்ரெய்லர் வேண்டும் என்றார். எனக்குப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதில்லை, மகாராணிக்குப் பல்லக்கு! ட்ரெய்லர் கடைக்கு நானும் கூட வருவேன் என்று கிளம்பினேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, விவரம் முழுவதையும் அவரிடமே சொன்னார். அங்கே எங்களுக்குத் தோதாக இரண்டு ட்ரெய்லர் இருந்தன. ஒன்று சின்னது, ஒற்றை அச்சு, எழுநூற்றைம்பது கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது. இன்னொன்று பெரியது, இரட்டை அச்சு, நாலு சக்கரத்துக்கும் பிரேக், ஆயிரத்து முந்நூறு தாங்கும். காரை ஏற்றும் பலகையும் நீளம், தாழ்ந்து கிடக்கும் காரின் மோவாய் அதில் இடிக்காது.

"வண்டி என்ன எடை?" என்று கடைக்காரர் கேட்டார்.

"எண்ணூறு இருக்கும்" என்றார் இவர்.

"அப்ப பெருசுதாங்க. இல்லன்னா எழுநூத்தம்பதுக்குள்ள கொண்டு வரணும்."

பெரிய ட்ரெய்லரை அவர் தடவிப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. டேப்பை வாங்கி நானே அளந்தேன். எங்கள் பின்முற்றத்தில் அதை நிறுத்தினால் என் துணி காயும் கம்பம் இரண்டும் போய்விடும்.

"என் கொடிக்கம்பத்துல கை வெச்சீங்கன்னா, நான் பொண்ணு வீட்டுக்குக் கிளம்பிடுவேன். அப்புறம் நீங்களும் உங்க கண்ணும் குடும்பம் நடத்துங்க."

கடைக்காரர் விலைப்பட்டியலைப் படிக்க ஆரம்பித்தார். இவர் முகம் தொங்கிப்போனது. "சரி, சின்னதையே பாக்கலாம்" என்றார். வழியெல்லாம் எனக்கு ஒரே கொண்டாட்டம். சக்களத்தி குண்டு, பல்லக்கில் ஏற மாட்டாள்.

மூன்று வாரம் ஷெட்டில் ஸ்பேனர் சத்தம் ஓயவில்லை. என்ன செய்கிறார் என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு வீம்பு. அப்புறம் ஒரு மத்தியானம் கூட்டாளியின் லாரியில் காரை ஏற்றி யார்டுக்குக் கொண்டுவந்து என் மேடைமேல் இறக்கினார். எண் ஓடி நின்றது. எழுநூற்று நாற்பது.

"அடிச்சுக் குடு, கடையில காட்டணும்" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு.

பின்னால் இரண்டு லாரி ஹாரன் அடித்தன. ஆனாலும் வழக்கப்படி இறங்கிப்போய்க் காருக்குள் எட்டிப் பார்த்தேன். தரைவிரிப்பு இல்லை. கதவின் உள்தகடு இல்லை. மாற்றுச் சக்கரம் இல்லை. இடதுபக்கத்தில் தரையில் நாலு போல்ட் ஓட்டை மட்டும் இருந்தது.

அவள் இளைப்பதற்கு என்னைக் கழற்றிப் போட்டிருக்கிறார்.

"என் சீட் எங்க?"

"கட்டிலுக்கு அடியில. பத்திரமா சுத்தி வெச்சிருக்கேன்."

"எதுக்குக் கழட்டினீங்க?"

"எல்லாத்தையும் கழட்டிப் பாத்துட்டேன். எழுநூத்தி அறுபதுக்குக் கீழ இறங்கவே இல்ல. அது ஒண்ணுதான் இருபது கிலோ இருந்துச்சு."

"இருபது கிலோவுக்காக என்னை இறக்கி விட்டுட்டீங்க!" என்று கத்தினேன். லாரிக்காரர்கள் ஹாரனை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். "பெரிய ட்ரெய்லருக்கு உன் கம்பத்தைப் பிடுங்கணும். அதுல கை வெச்சா போயிடுவேன்னு நீதானேம்மா சொன்னே" என்றார். "நீ போயிட்டா அந்த சீட் எதுக்கு?"

மூன்று வாரமாக அவர் கழற்றியது காருக்காக இல்லை, என் கம்பத்துக்காக. நான் போட்ட கூச்சலே என் சீட்டைப் பிடுங்கியிருக்கிறது. நாள் முழுக்க அடுத்தவர் எடையில் குற்றம் கண்டுபிடிக்கிற எனக்கு, என் வாயின் எடை தெரியவில்லை.

ரசீது அடிக்கவில்லை. "எடுங்க வண்டியை. லாரி நிக்குது பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்முற்றத்துக்குப் போனேன். முதல் கம்பம் சாய்ந்தபோது அவர் ஓடி வந்தார்.

"ஏம்மா, துணியெல்லாம் எங்க காயப்போடுவே?"

"உங்க பல்லக்கு மேலதான்."

இப்போது பெரிய ட்ரெய்லர்தான் முற்றத்தில் நிற்கிறது. வாரம் ஆறு நாள் அதன் கம்பிகளில் எங்கள் துணி காயும். ட்ரெய்லர் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை துணியை எடுத்துவிட்டுக் காரை ஏற்றினோம். எடை கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், பின்னால் போனால் ட்ரெய்லர் வாலாட்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நான் கீழே நின்று, இன்னும் ஒரு சாண், இன்னும் நாலு விரல் என்று அதிகாரம் பண்ணினேன். அவர் கேட்டுக்கொண்டார்.

தடத்தில், அவர் திரும்ப மாட்டியிருந்த என் சீட்டில் உட்கார்ந்தேன். ஹெல்மெட்டும் பெல்ட்டும் இறுக்கிப் பிடித்தன. பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அவர் என்ஜினை எழுப்பினார். ஸ்டீயரிங்கை மெதுவாகத் தட்டிக்கொடுத்தார்.

"போலாமா கண்ணு?"

அவர் கை எங்கே இருந்தது என்று பார்த்தேன். யாரைக் கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை. எங்கள் இரண்டு பேரில் பதில் சொல்லும் வாய் எனக்குத்தான் இருக்கிறது.

"ம், போலாம்" என்றேன்.