கேட்டில் முதல் வண்டி

விமானம் மாறுகிறவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிற தொழிலை அந்தத் தீவில் தொடங்கியது வேன்காரர்தான். வேறு எவனாவது உரிமை கொண்டாடினால் நம்ப வேண்டாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, விமான நிலைய வாசலில் அடுத்தவன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த மனிதர். அடுத்த விமானத்துக்காக உள்ளே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, இவர்களை வெளியே கூட்டிப் போனால் என்ன என்று அவருக்குத்தான் தோன்றியது. இன்றைக்கு மூன்று மஞ்சள் வேன். அவரைப் பார்த்துத் தீவில் எல்லாச் சுற்றுலா வேனும் மஞ்சளாகிவிட்டது.

"நாலு மணி நேரம் குடுங்க, தீவையே சுருட்டி உங்க கையில குடுத்துடறேன்" என்பார். கலங்கரை விளக்கம், கடற்கரை, சந்தை, ஒரு குளியல், வயிறாரச் சாப்பாடு, திரும்ப விமானம். அவரை நம்பி வந்தவர்களில் ஒருத்தரும் விமானத்தைத் தவறவிட்டதில்லை.

ஆகவே மகள் போனில் அழைத்து, மாப்பிள்ளைக்கு வேறு நாட்டில் வேலை மாறியிருக்கிறது, அவர் முன்னாலேயே போய்விட்டார், கைக்குழந்தையோடு அங்கே போகிறேன், வழியில் நம் தீவில்தான் விமானம் மாறுகிறேன் என்று சொன்னபோது, வேன்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

மனைவிக்கு அதைவிட. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன நாளிலிருந்து கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில்தான் அவள் உலகம். பேத்தியை போனில் மட்டும் பார்த்திருக்கிறாள்.

"போன்ல எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரி மொழுமொழுன்னுதான் இருக்கு. மடியில போட்டுப் பாத்தாத்தானேங்க யார் ஜாடைன்னு தெரியும்?"

"நாலு மணி நேரம் இருக்குடி. மடியில போட்டு, குளிப்பாட்டி, தூங்க வச்சு, எழுப்பி அனுப்பலாம்."

கிளம்புவதற்கு முன் மகள் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "அப்பா, பாப்பா பாஸ்போர்ட் வேற நாட்டுது. அவ வெளிய வர முன்கூட்டியே அனுமதி வாங்கணுமா? யாரையாவது விசாரிங்களேன்."

"அங்க எல்லாரும் என்னைத்தான்மா விசாரிப்பாங்க. என் பேத்தின்னு சொல்லு. கதவு தானா திறக்கும்."

கதவு திறக்கவில்லை. வெளியே வந்து நின்றது குடியேற்ற அதிகாரி மட்டும்தான். அவர் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றி வந்ததே வேன்காரரின் வண்டிதான்.

"ஐயா, உங்க பொண்ணு வரலாம். குழந்தைக்கு அனுமதி இல்ல. ரெண்டு நாள் முன்னாடி எழுதிக் கேட்டிருந்தா நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"பல்லே முளைக்காத குழந்தை சார். இந்தத் தீவையா கடிச்சுத் தின்னுடப் போறா?"

"மேலிடத்துக்கும் பேசிட்டேன் ஐயா. முடியலை."

வேன்காரர் விமான நிலைய மேலாளரிடம் போனார். விமான நிறுவனத்து மேசைக்குப் போனார். பழைய பழக்கம், பழைய உதவி எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பார்த்தார். எல்லாரும் எழுந்து நின்று மரியாதையாகத்தான் முடியாது என்றார்கள். மகளை உட்கார வைத்திருந்த அறைக்கு வெளிப்பக்க ஜன்னலும் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுவது போனில் மட்டும் கேட்டது. நேரம் கரைந்துகொண்டே போனது.

அப்போதுதான் கேட் ஞாபகம் வந்தது.

தீவின் ஓடுபாதைக்கு ஒரு முனையில் கடல், மறு முனையில் மலை. ஊரிலிருந்து விமான நிலையத்துக்கு வருகிற சாலை, கடல் முனையை உரசிக்கொண்டு போகும். விமானம் கிளம்புகிற நேரத்தில் அங்கே கேட் போட்டு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அந்த முனையில் வந்து விமானம் திரும்பி நிற்கும். கேட்டில் முதல் வண்டியாக நின்றால் ஜன்னலில் இருக்கிறவர் சிரிப்பது கூடத் தெரியும்.

"அம்மாடி, அழாத," என்றார் போனில். "பிளேன் ஓடுறதுக்கு முன்னாடி திரும்பி நிக்கும் பாரு, அங்க வேலி ஓரமா மஞ்சள் வேன் நிக்கும். பாப்பாவ ஜன்னல்ல தூக்கிக் காட்டு. அம்மா பாத்துடுவா."

வீட்டுக்குப் பறந்தார். மனைவியைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்து, இடுப்புக்கு இரண்டு தலையணை கொடுத்தார். அவள் தலை சீவிப் புதுப்புடவை கட்டித் தயாராகத்தான் இருந்தாள். மடிக்கு விரிக்க மெத்தென்ற ஒரு துண்டும் வைத்திருந்தாள். அதைக் கீழே வைக்காமலே வந்தாள். சந்து பொந்தெல்லாம் புகுந்து, ஒரு பேருந்தை முந்தி, ஒரு லாரிக்காரனிடம் திட்டு வாங்கி, கேட்டில் முதல் வண்டியாகக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"பாத்தியா? இந்த இடத்துல என்னைத் தவிர எவன் வந்து நிப்பான்?"

"நல்லா தெரியுமாங்க?"

"பொட்டு வச்சிருக்கா இல்லையான்னு சொல்லிடலாம்."

கேட் இறங்கியது. அவர் சாவகாசமாக நிமிர்ந்து, வேலிக்குள் காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டியிருந்த ஆரஞ்சுத் துணிக்குழாயைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே இருந்துவிட்டார்.

தினம் தினம் பயணிகளுக்கு அவர் சொல்கிற பாடம் அது. துணி கடல் பக்கம் பறந்தால் மலைக்காற்று, விமானம் இந்த முனையிலிருந்து கிளம்பும். துணி மலைப்பக்கம் பறந்தால் கடல்காற்று, அந்த முனையிலிருந்து கிளம்பும். காற்றைப் பார்க்காமல் அவர் வீட்டு வாசலைத் தாண்டினதில்லை. இன்றைக்கு முதல் வண்டியாக நிற்க வேண்டும் என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது. துணி விறைப்பாக மலையைக் காட்டிக்கொண்டிருந்தது.

ரிவர்ஸ் போட்டார். பின்னால் பேருந்து ஹாரன் அடித்தது.

"பின்னால எடுப்பா! அவசரம்!" என்று தலையை நீட்டிக் கத்தினார்.

"எங்க எடுக்கிறது பெருசு? எனக்குப் பின்னால எறும்பு போக இடமில்ல. முட்டி மோதி முன்னால வந்து நின்னது நீங்கதான்!"

"ஏங்க, இடத்த விட்டுட்டு எங்க திருப்புறீங்க? இங்கதான தெரியும்னீங்க?" என்றாள் மனைவி.

அவர் மகளுக்கு போன் போட்டார். அணைத்து வைக்கச் சொல்லியிருப்பார்கள், மணி அடிக்கவே இல்லை.

தூரத்தில் மலை முனையில், தீப்பெட்டி அளவுக்கு, விமானம் திரும்பி நின்றது. பிறகு இரைச்சல். மனைவி துண்டைப் பிடித்தபடி கண்ணாடியில் முகத்தை ஒட்டி மேலே பார்த்தாள். சக்கரங்களும் வெள்ளை வயிறும் தலைக்கு மேலே போயின. வேன் அதிர்ந்தது. ஜன்னல் ஒன்றுகூடத் தெரியவில்லை.

கேட் ஏறியது. வேன்காரர் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார்கள். கடைசியாக மலை முனையிலிருந்து வேலியோரமாக இன்னொரு மஞ்சள் வேன் வந்து பக்கத்தில் நின்றது. நெட்டையன். போட்டிக்காரன். ஒரு காலத்தில் வேன்காரரிடம் வண்டி ஓட்டியவன். உள்ளே அடுத்த விமானத்துக்குப் போகிற பயணிகள்.

"என்னண்ணே, இந்தப் பக்கம் வந்து நிக்கிறீங்க? காத்து மாறினது குருநாதருக்குத் தெரியலையா?" சிரித்தான். "அங்க ஒரு கூத்துண்ணே. பிளேன் ஜன்னல்ல ஒரு பொண்ணு குழந்தையத் தூக்கித் தூக்கிக் காட்டுது, நம்ம வண்டியப் பாத்து. நானும் என் ஆளுங்களும் நல்லா கை ஆட்டினோம்..."

வேனுக்குள் இருந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அக்கா... நம்ம பாப்பாவா அது?"

"கிட்ட வா தம்பி," என்றாள் மனைவி. "யார் ஜாடை?"

நெட்டையன் இறங்கி வந்தான். தலையைச் சொறிந்தான். "சின்ன ஜன்னல்க்கா. ரோஸ் கலர் தொப்பி போட்டிருந்துச்சு. நெத்தி..." வேன்காரரை ஒரு பார்வை பார்த்தான். "நெத்தி நல்ல அகலம். அண்ணன் ஜாடைதான்க்கா."

வேறொரு நாளாக இருந்தால் வேன்காரர் அதைத் தீவு முழுக்கச் சொல்லித் தீர்த்திருப்பார். தொப்பி போட்ட குழந்தைக்கு நெற்றி எப்படியடா தெரிந்தது என்று கேட்க வாயெடுத்தார். மனைவி துண்டை மடியில் நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்கவில்லை.

எதிரே கேட் திறந்தே கிடந்தது. அதைத் தாண்டிப் போக அவருக்கு ஒரு வேலையும் இல்லை.